கிணற்றுத் தண்ணீரோடு காட்டூருக்கு இரண்டு தடவை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றில் போன தையிலிருந்து ஒரு வாடை. ட்ரை வாஷ் கொடுத்து வாங்கின பட்டுப்புடவையில் அடிக்குமே, அதே வாடை. பின்வீட்டு சேகர் ட்ரை வாஷ் கடைதான் வைத்திருக்கிறான். அவனுடைய கழிவு டிரம் எங்கள் மதிலோரம் கசிகிறது. கேட்டால், "உங்க மூக்குலதான் கோளாறு அத்தை" என்கிறான். தன் கல்யாணத்தில் முதல் பந்தியிலிருந்து என்னை எழுப்பிவிட்டவன், வேறெப்படிப் பேசுவான்?

சமையலுக்கும் சாமிக்கும் அந்தக் கிணறுதான். காட்டூர் தாண்டி ஒரு காலேஜில் இந்த மாதிரித் தண்ணீரை வெளிச்சத்தால் சுத்தம் பண்ணிப் பார்க்கிறார்கள் என்று மருமகள் விசாரித்து, அவர்கள் கொடுத்த இரண்டு கண்ணாடி பாட்டில்களையும் வாங்கி வந்தாள். ஏதோ மருந்து இருந்த பாட்டில். அதிலா தண்ணீர் கொடுப்பது? முதல் நாளே இறைத்து, வடிகட்டி, பித்தளைக் குடத்தில் ராத்திரி முழுக்கத் தெளியவைத்து, குடத்து வாயில் ஈரத்துணி கட்டி எடுத்துப் போனேன்.

காலை எட்டரைக்கு ஒன்றாம் நம்பர் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி தஞ்சாவூர் ரோடு பஸ். கடைசி இரண்டு கிலோமீட்டர் ஆட்டோ. "குடத்துக்கும் சேர்த்து நூறு" என்றான். "குடம் உன் மடியிலயா உட்காருது?" என்றேன். எண்பதுக்கு வந்தான்.

ஆராய்ச்சி பண்ணும் பெண் ஜெசிந்தா மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே பாட்டி" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைக் கேட்டால் சேகர் சிரிப்பானே! குடத்தைப் பார்த்ததும் அவள் தலையில் கைவைத்தாள். அந்த ட்ரை வாஷ் மருந்து ஆவியாகிற சரக்காம். திறந்து வைத்தால் பறந்துவிடுமாம். கலங்கலாக நீட்டக் கூடாதென்று நினைத்தது தப்பா? பாட்டிலோடு ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா?

மறுவாரம் அதே பஸ், அதே ஆட்டோக்காரன். "குடம் எங்கம்மா?" என்று நக்கல் வேறு. இந்தத் தடவை இரண்டு பாட்டிலிலும் விளிம்பு வரை நிரப்பி இறுக மூடியிருந்தேன். மெஷின் அந்த விஷத்தைப் பளிச்சென்று காட்டியது.

பிறகு அந்தத் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, காற்றை வெளியேற்றி, சிவப்பாக ஒன்றைக் கலந்து நீல விளக்கு போட்டாள். "உங்க வயசுல போட்டுக்கிற பி-12 ஊசி மருந்துதான் பாட்டி. நடுவுல கோபால்ட்னு ஒரு உலோகம் இருக்கு. வெளிச்சம் பட்டதும் அந்த விஷத்துல ஒட்டியிருக்கிற குளோரினை ஒவ்வொண்ணா பிச்சு எடுத்துடும். குளோரின் உப்பாத் தண்ணியில தங்கிடும்." சாயங்காலம் மறுபடி பார்த்தபோது விஷம் பெரும்பாலும் போயிருந்தது.

"அப்ப என் கிணத்துலயும் ஊத்து."

"கிணத்தடிக்கு வெளிச்சம் போகாது. காத்து இருந்தாலும் இது சரியா வேலை செய்யாது. இன்னும் குழாயளவுக்குத்தான் செய்யறோம். முதல்ல கசிவை நிறுத்துங்க."

இதைக் கேட்கவா இரண்டு தடவை பஸ் ஏறினேன்!

திரும்பினதும் வீட்டுக்குப் போகவில்லை. மிச்சமிருந்த இன்னொரு பாட்டிலைச் சேகர் கடையில் வைத்து, "திறந்து மோந்து பாரு. இது உன் மூக்கு" என்றேன். திறந்தான், உடனே மூடினான். மறுநாள் டிரம் சிமெண்டுத் தொட்டிக்குள் போயிருந்தது.

போகிறவர்கள் கண்ணாடி பாட்டிலில் காற்றுக்கு இடமில்லாமல் நிரப்புங்கள். தெளியவைக்காதீர்கள். ஆட்டோவுக்கு எண்பதுக்கு மேல் கொடுக்காதீர்கள். மண்ணில் ஊறின விஷம் போகாததால் என் கிணறு இன்னும் மூடித்தான் கிடக்கிறது. சாமிக்குக் குழாய்த் தண்ணீர். கிணற்றைத் திறக்கிற வரைக்கும் சேகர் வீட்டு விசேஷத்தில் எந்தப் பந்தியிலும் நான் உட்காரப் போவதில்லை.