பின்வரிசை அக்கா

பதினாறு வருஷமாக அவள் ஆடிய இடம் ஒன்றே ஒன்றுதான்: கடைசி வரிசை, இடது ஓரம். நடனக் குழுவில் எல்லாருக்கும் அவள் பின்வரிசை அக்கா. முகம் தெரியாத ஆட்டம்தான், ஆனாலும் ஒத்திகைக்கு ஒரு நாள்கூட மட்டம் போட்டவளில்லை.

தொற்று வந்து ஊரை அடைத்தார்கள். ஒத்திகைக் கூடத்துக்கும் பூட்டு. பதினொரு பேரும் அவரவர் வீட்டில் ஆடி, போனில் எடுத்து அனுப்ப வேண்டும். மாஸ்டர் எல்லாவற்றையும் ஒரே திரையில் கட்டம் கட்டமாக ஒட்டி வெளியிடுவார். கூடம் திறந்ததும் யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழற்றிவிடுவது என்பதும் அதைப் பார்த்துத்தான் என்று பேச்சு.

கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, கேஸ் சிலிண்டருக்கும் பீரோவுக்கும் நடுவே ஆடி அனுப்பினாள். மாஸ்டர் கூப்பிட்டார்.

"ஒவ்வொரு அடியும் அரைத் தாளம் லேட்டா விழுது. இந்தத் தடவை நீ ஓய்வெடுத்துக்கோ."

ஓய்வாம் ஓய்வு. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. ஆனால் வீடியோவைப் போட்டுப் பார்த்தால், மனுஷன் சொன்னது பொய்யில்லை. இத்தனை வருஷமும் முன்னால் நிற்பவளின் தோள் அசைந்த பிறகுதான் இவள் அசைந்திருக்கிறாள். வீட்டிலும் அதே கதை. மாஸ்டர் ஆடிக்காட்டிய வீடியோவை இன்னொரு போனில் ஓடவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து ஆடியிருக்கிறாள்.

பஸ் ஓட்டும் வேலை நின்று வீட்டோடு கிடந்த கணவனிடம் துப்பட்டாவை நீட்டினாள்.

"என் கண்ணைக் கட்டி விடு."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா? பீரோல இடிச்சுக்குவே."

"இடிச்சா இடிக்கட்டும். நீ கட்டு."

இடித்தது. முதல் நாள் முழங்கை, மறுநாள் முட்டி. "போதும்பா, விட்டுடு" என்று அவன் கெஞ்சியும் கேட்கவில்லை. ஆறாம் நாள் கால் பாட்டோடு சரியாக விழுந்தது. அதற்கு மேலும் மூன்று நாள் ஆடினாள். பிறகு கட்டை அவிழ்த்து, நேராகக் கேமராவைப் பார்த்து ஆடி அனுப்பினாள்.

மாஸ்டர் மறுபடி கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது.

"பிரமாதம். ஆனா மத்த பத்து பேரும் என் வீடியோவைப் பார்த்து ஆடியிருக்காங்க. எல்லாரும் ஒரே மாதிரி ஒரு துளி பின்னாடி. சேர்த்து வெச்சா நீ மட்டும் துருத்திக்கிட்டுத் தெரியறே. கொஞ்சம் தாமதமா ஆடி அனுப்பிடேன்."

"பாட்டோட நான் சரியா இருக்கேனா, இல்லையா மாஸ்டர்?"

அந்தப் பக்கம் அவள் வீடியோவின் பாட்டு மறுபடி ஓடும் சத்தம் கேட்டது.

"சரியாத்தான் இருக்கே."

"அப்ப அவங்களைப் பாட்டோட வரச் சொல்லுங்க. நான் திரும்ப ஆட மாட்டேன்."

போனை வைத்தாள். "வேலை போச்சு போ" என்றான் கணவன். "போனா போகட்டும்" என்றாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் குழுவுக்கு மாஸ்டர் செய்தி போட்டார்: "பத்து பேரும் திரும்ப எடுக்கணும். அக்கா ஆடினதை அனுப்பியிருக்கேன். அதைப் பார்த்து ஆடுங்க."

வேறு யாராவது என்றால் அகமகிழ்ந்து போயிருப்பார்கள். அவளுக்கோ கோபம்தான் வந்தது. குரல் பதிவை அழுத்திப் பேசினாள்.

"யாரும் என்னைப் பார்த்து ஆடாதீங்க. போனைக் கவுத்து வெச்சுட்டுப் பாட்டைக் கேளுங்க."