துண்டு சுற்றிய பாட்டில்

சனிக்கிழமை காலையில் மதினி போன் செய்தார். கோமதிநாயகம் அண்ணாச்சி தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். மறுநாள் அண்ணாச்சியும் நானும் சேர்ந்து உட்கார வேண்டிய ஞாயிறு. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. எங்களுக்குள் ஒரு வழக்கு பாக்கி இருந்தது. அதை முடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

சங்கரன்கோவிலில் ஒட்டிய சுவரொட்டியில் அவரைக் ‘கப்பல்காரர்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். கப்பலில் என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. பயணிகள் கப்பலின் சாப்பாட்டுக்கூடத்தில் அவரும் நானும் ஒயின் பரிமாறினோம். ஓட்டல் படிப்பு படித்தவர்கள் எங்களைத் தாண்டி மேலே போனார்கள். நாங்கள் முகர்ந்தும் கேட்டுமே கற்றோம். எங்களைக் குடிகாரர்கள் என்று பேசியவர்களும் இதைப் படிக்கட்டும்.

எனக்குப் பிடித்தது ஒரே திராட்சைதான், சாவின்யான் பிளாங்க். அதில் செய்த வெள்ளை ஒயினை முகர்ந்தால் அறுத்த புல் வாசம் வரும். வாயில் நெல்லிக்காய்ப் புளிப்பு நிற்கும். மதுரைக் கடையில் வாங்கி, மாதம் ஒரு ஞாயிறு மதியம், அவர் வீட்டில் மீன் பொரியலோடு ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிப்போம். என் மனைவி இறந்த பிறகு நான் வெளியே போய்ச் சாப்பிட்டது அந்த ஒரு வீட்டில்தான்.

ஒருநாள் கடையில் அது வருவது நின்றுவிட்டது. அது இல்லையென்றால் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி விடவில்லை. வெளியூர் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்து, அதைப்போலவே இருக்கும் வேறு ஒயின்களைத் தேடினார். முதலில் வந்ததன் லேபிளைப் பார்த்தவுடனே கிளாஸைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்தது இனித்தது. கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றச் சொன்னேன். “செடிக்கு உம்மளவுக்குத் திமிர் கெடையாது வே, குடிச்சிரும்” என்றார்.

மூன்றாவது பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, நம்மூர்த் தறித் துண்டை நனைத்துக் கழுத்துவரை சுற்றிக் கொண்டுவந்தார். ஐஸ் வாளிக்குப் பதில் அவர் எப்போதும் செய்வதுதான், அதனால் நான் சந்தேகப்படவில்லை. முகர்ந்தேன், புல். குடித்தேன், நெல்லிக்காய். நம்ம சரக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவர் துண்டை அவிழ்த்தார். வெர்டெஹோ என்று இருந்தது. ஸ்பெயின் நாட்டுத் திராட்சை.

நான் எழுந்துவிட்டேன். லேபிளை விருந்தாளிக்குக் காட்டிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். முப்பது வருடம் அவரும் நானும் அப்படித்தான் செய்தோம். இது தொழிலுக்கு மரியாதை இல்லை, இனி வரமாட்டேன் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “ஒயினுக்காவா நான் இந்த அலைச்சல் அலையுதேன்? அந்தப் பாட்டில் நின்னுட்டுன்னா நீரும் நின்னுருவீரு வே. அப்புறம் உம்ம வீட்டுல யாரு கூடப் பேசுவீரு?”

உட்கார்ந்தேன். கிளாஸில் மிச்சமிருந்ததைக் குடித்தேன். ஆனால் அவர் செய்தது சரி என்று சொல்லவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் போனேன். ஒவ்வொரு மாதமும் அந்த வழக்கைப் பேசினோம்.

காரியம் முடிந்த அன்று மதினி ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். துண்டு சுற்றியே இருந்தது. “ஞாயித்துக்கெழமைக்குன்னு வெள்ளிக்கெழமையே சுத்தி வச்சிட்டாவ. உள்ள என்னன்னு எனக்குத் தெரியாது” என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து துண்டை மறுபடி நனைத்தேன். அவிழ்க்காமலே திறந்தேன். நல்ல ஒயின். என்னுடைய திராட்சையா, அவர் தேடிப் பிடித்த வேறொன்றா, இன்றுவரை நான் பார்க்கவில்லை. காலிப் பாட்டில் அந்தத் துண்டோடுதான் என் அலமாரியில் நிற்கிறது. லேபிளைக் காட்டாமல் திறப்பது தப்பு. அதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் துண்டை நான் அவிழ்க்கவும் போவதில்லை, அண்ணாச்சி.