பால்மா மூடியில் எரிந்த விளக்கு

குத்துவிளக்கைப் பாகம் பாகமாகக் கழற்றிச் சமையலறைத் தொட்டியில் போட்டுப் புளியால் தேய்த்துக்கொண்டிருந்தாள் சிவகொழுந்து. பஹ்ரைனின் ஈசா டவுனில் இருக்கும் மகன் வினோஜனின் வீட்டில் இந்த வேலையை வேறு யாரும் தொடுவதில்லை. மருமகள் மேனுஜா ஒருதரம் கடையில் விற்கும் பொலிஷைப் போட்டுவிட்டு, மாமியிடம் நாலு நாள் முணுமுணுப்பு வாங்கியிருக்கிறாள்.

"மாமி, முகம் பாத்துப் பொட்டு வைக்கலாம் போலை மினுங்குது."

"பொட்டு வைக்கிறதுக்கு முதல் வசனத்தைப் பாடமாக்கு. என்னைப் போலை நடிக்கிறன் எண்டு வந்திட்டு மேடையிலை முழிச்சுக்கொண்டு நிக்காதை."

வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைச் சபைக்கு அது இருபத்தைந்தாம் ஆண்டு. சபை தொடங்கிய கதையையே நாடகமாகப் போடுகிறார்கள். தொடங்கியவர் சிவகொழுந்தின் கணவர் அம்பலவாணர். எழுபத்தொன்பதில் கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து பஹ்ரைனுக்கு வந்தவளின் ஒற்றை அறை வீட்டுக்கு, முதல் வெள்ளியன்றே அவருடைய கூட்டாளிகள் தேவாரம் படிக்க வந்து நின்றார்கள். வீட்டில் விளக்கு இல்லை. பால்மாத் தகரத்தின் மூடியை மல்லாத்தி, தலைக்குப் பூசும் தேங்காயெண்ணெயை ஊற்றி, அவருடைய பழைய வேட்டியில் திரி கிழித்து அவள்தான் ஏற்றினாள். தேவாரச் சத்தமும் எண்ணெய் மணமும் வீட்டுச் சொந்தக்காரன்வரை போய்விடாமல் கதவடியில் துணியை அடைத்ததும் அவள்தான்.

அம்பலவாணர் இரண்டு வருடங்களுக்கு முன்பு வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழும்பவில்லை. பொட்டை எடுத்த பிறகு சிவகொழுந்து சபையில் பின்வரிசைக்குப் போனாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லைத்தான். முன்னுக்கு வாருங்கோ என்று கூப்பிட்டவர்களும் இல்லை.

நாடகத்தில் வினோஜன்தான் தகப்பன். மேனுஜா இளவயதுச் சிவகொழுந்து. கடைசியில் உண்மையான சிவகொழுந்தே மேடையேறி, மூடி விளக்கின் சுடரை எடுத்து இந்தக் குத்துவிளக்கை ஏற்றவேண்டும். அதோடு நாடகம் முடிந்து ஆண்டுப் பூசை தொடங்கும். இதற்கென்று அவள் சாம்பல் நிறச் சேலை ஒன்றை அயன் பண்ணி, மடிப்புக் குலையாமல் கதிரையில் போட்டு வைத்திருந்தாள். அந்த ஒரு விளக்கு மட்டும் அவள் கையால் எரிந்தால் போதும்.

விளக்கின் பாகங்களைத் துடைத்துப் பொருத்தி முடித்த நேரம் சபைத் தலைவர் பத்மநாபன் வந்தார். திருச்சிக்காரர், நல்ல மனுஷன். உட்கார்ந்தவர் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நாடகம்னா ஒண்ணுமே இல்ல. ஆனா அந்த விளக்குலதானே பூஜையே ஆரம்பிக்குது? சுமங்கலி கையால ஏத்தினா நல்லதுன்னு லேடீஸ் சொல்றாங்க. ரெண்டையும் மேனுஜாவே ஏத்திடட்டும். உங்களுக்கு முன்வரிசை, பொன்னாடை எல்லாம் உண்டு."

"அங்கிள், வீட்டிலை ஒவ்வொரு நாளும் மாமிதானே..." என்று தொடங்கினாள் மேனுஜா.

"நீ சும்மா இரப்பா," என்றான் டிவிக்கு முன்னால் இருந்த வினோஜன்.

சிவகொழுந்து மகனைப் பார்த்தாள். ஏன் என்று ஒரு சொல் அவன் கேட்டிருக்கலாம். அவன் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"அதுக்கென்ன, பிள்ளை ஏத்தட்டும்," என்றாள் அவள். "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

மறுநாள் பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. "கதவடியிலை துணி வைச்சிட்டன், பயப்பிடாமல் படியுங்கோ" என்று மேனுஜா சொன்னதும் சனம் விழுந்து சிரித்தது. தகப்பனின் பழைய சட்டையும் ஒட்டுமீசையுமாக வினோஜன் திரும்பிப் பார்த்தபோது, சிவகொழுந்து மடியிலிருந்த பொன்னாடையைக் குனிந்து மடித்தாள்.

குத்துவிளக்கு பற்றவில்லை. ஏசிக் காற்று நேரே மேடைக்கு அடித்தது. மேனுஜா கொண்டுபோன சுடர் இரண்டு தரம் அணைந்தது. சிவகொழுந்து தன்னையறியாமல் பாதி எழும்பிவிட்டாள். அவள் உள்ளங்கை சுடரை மறைப்பதுபோல் குவிந்திருந்தது.

"உக்காருங்கம்மா, பிள்ளைங்க பாத்துக்கும்," என்றார் பக்கத்திலிருந்த பத்மநாபன்.

அவள் உட்கார்ந்தாள். மேனுஜா காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று ஒருவாறு ஏற்றினாள். மண்டபம் கைதட்டியது.

பூசை முடிந்து, உடுப்பு மாற்றக் கொடுத்திருந்த வகுப்பறைக்குச் சிவகொழுந்து வந்தபோது வினோஜன் மீசையை உரித்துக்கொண்டிருந்தான்.

"எப்பிடி அம்மா? அப்பாவை அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கெண்டு எல்லாரும் சொல்லுகினம்."

"ஓம். அவரைப் போலைதான் இருந்தாய்." பொன்னாடையைச் சின்னப் பிள்ளைகளின் மேசை ஒன்றில் வைத்தாள். "தம்பி, நாளைக்கு வீட்டிலை விளக்கை ஆர் ஏத்துறது?"

மேனுஜா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவன் மேலுதட்டில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

சிவகொழுந்து விளக்குக்குக் கொண்டுவந்ததில் மிச்ச எண்ணெய் இருந்த போத்தலின் மூடியை இறுக்கி மேனுஜாவின் பைக்குள் வைத்துவிட்டு, அறையைவிட்டு வெளியே போனாள்.