எட்டு ஜிபி போட்டும் எடுக்காத கம்ப்யூட்டர்

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் வரைவது என் தொழில். என் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில்தான் ஓடும். மெமரி போதாததால் உடல், பார்டர், முந்தி என்று மூன்று ஃபைலாகப் பிரித்தே வரைவேன்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் நாலு ஜிபியை எட்டாக்கிவிட்டு, "இனிமே பறக்கும்க்கா" என்றார். அதை நம்பி, ஒரு கல்யாணப் புடவையின் மூன்று ஃபைல்களையும் ஒன்றாக்கினேன். தனித்தனி ஃபைல்களை அழித்தும்விட்டேன். மறுநாள் ஒரு மயிலைத் திருத்தி சேவ் செய்யும்போது கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. பிறகு அந்த ஃபைல் திறக்கவே இல்லை. பத்து நாள் உழைப்பு! நெசவாளரோ தறியில் பாவு நூலை ஏற்றிவிட்டு என் டிசைனுக்காகக் காத்திருந்தார்.

கடைக்கு ஓடினேன்.

"உங்க விண்டோஸு முப்பத்திரண்டு பிட்டுக்கா. எவ்ளோ போட்டாலும் நாலு ஜிபிக்குள்ளதான் எடுத்துக்கும்" என்றார் சாவகாசமாக.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

"தெரியும்க்கா. நீங்க கேக்கலியே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிசைனுக்காகப் பாவு நூலைத் தூக்கும் கொக்கி இருநூற்று நாற்பதே உள்ள தறிக்கு நானூற்று எண்பது கொக்கி டிசைனைக் கொடுத்துவிட்டு, "நீங்க கேக்கலியே" என்று நான் சொன்னால் இந்த ஊரில் யாராவது சும்மா விடுவார்களா?

திரையில் எட்டு ஜிபிக்குப் பக்கத்திலேயே, பயன்படுவது மூன்றே கால்தான் என்று எழுதியிருந்தது. அதைப் பார்க்காதது என் தப்புதான். இப்போது எந்த ஃபைலையும் நான் அழிப்பதில்லை. கடையில் எதை மாற்றினாலும், அந்த வரியைக் கடைக்காரரே என் எதிரில் வாய்விட்டுப் படித்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுகிறேன்.