தொந்தரவு கொடுக்காதவள்

அந்த நர்ஸுக்குப் பிரசவ வார்டில் வைத்த பெயர் கண்டக்டரம்மா. இருபத்தாறு வருஷ சர்வீஸ். அவள் ஒரு அதட்டல் போட்டால், வலி எடுத்தவள்கூட அழுகையை ஒரு நிமிஷம் நிறுத்துவாள். வாய்தான் அப்படியே தவிர, கை மெத்தென்று இருக்கும்.

ஆறு ஊருக்குள் புகுந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். கர்ப்பிணிகள் பதினொரு பேருக்கு ஒரு வகுப்பறை, பொறுப்பு அவளுக்கு. பத்துப் பேர் அவள் உயிரை வாங்கினார்கள். ஒருத்திக்கு முதுகு வலி, ஒருத்திக்குக் கொசு, ஒருத்திக்குப் பால் பவுடர் குமட்டுகிறது. பதினொன்றாவது ஒரு தையல்காரி. மூன்று கலைந்து, நாலாவதாகத் தங்கிய பிள்ளைக்கு அப்போது ஏழு மாசம். கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு மூலையில் இருப்பாள், வாய் திறக்க மாட்டாள். இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களை இடித்துக் காட்டினாள் கண்டக்டரம்மா.

தண்ணீர் பாட்டில்களைத் தவறாமல் கொடுத்தாள். குடித்தாயா என்று கேட்கவில்லை. இருநூறு பேருக்கு இரண்டே கழிப்பறை. தாழ்ப்பாள் கிடையாது, தரையெல்லாம் சேறு, வாசலில் ஆம்பளைகள் வரிசை. மற்றவர்கள் கூப்பாடு போட்டுத் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போனார்கள். தையல்காரி தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். ஐந்தாம் நாள் காய்ச்சலில் கிடந்தவளைத் தூக்கும்போதுதான், மூடி திறக்காத பாட்டில்கள் அவள் பைக்குப் பின்னால் தெரிந்தன. சிறுநீரில் கிருமி ஏறி, அதனால் வலி கண்டுவிட்டது என்றார் டாக்டர். குழந்தை ஒரு பகல்தான் இருந்தது.

எரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கண்டக்டரம்மா அவள் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"எல்லாரும் உங்களைப் படுத்துறாங்க. நானும் எதுக்குன்னு இருந்துட்டேன்க்கா."

அதில் கோபம் துளிகூட இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அதற்குப் பிறகு எந்த முகாமுக்குப் போனாலும் முதலில் கழிப்பறையைத்தான் பார்ப்பாள். தாழ்ப்பாள் போடாமல் மற்ற வேலை கிடையாது. புலம்புகிறவர்களை விட்டுவிட்டு, பேசாதவளிடம் போய் உட்கார்ந்து நச்சரிப்பாள். இதையெல்லாம் ஒரு பிள்ளை போவதற்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து, தையல்காரி மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டாள். பரிசோதனை நாட்களில் வரிசையில் அவள் முகத்தைத் தேடினாள். அவள் வரவில்லை. ஆற்றைத் தாண்டி வேறு ஆஸ்பத்திரியில் காட்டுகிறாளாம். அவ்வளவு பார்த்தும் நன்றி இல்லாதவள் என்று ஆயா முணுமுணுத்தாள்.

"பேசாம இரு," என்றாள் கண்டக்டரம்மா. "அவ இடத்துல நான் இருந்தா, நானும் என்கிட்ட வந்திருக்க மாட்டேன்."