அணையாத பச்சை

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை ‘சுவிட்ச் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு, முப்பத்தாறு வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். ஒரு பாக்டீரியாவுக்குள் இருக்கும் மரபணு, சுவிட்ச் போட்டது போல எப்போது விழிக்கிறது, எப்போது தூங்குகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பால் சர்க்கரை கிடைத்தால் அது விழித்துக்கொள்ளும். பாக்டீரியா விளக்கடியில் பச்சையாக ஒளிரும். கிடைக்காவிட்டால் இருட்டு.

ஆனால் நான்கு மாதமாக, சர்க்கரையே போடாத குடுவையும் பச்சைப்பசேலென்று ஒளிர்ந்தது.

“கை சுத்தம் போதாதும்மா,” என்றார் பேராசிரியர். கண்டிப்பான மனிதர். கதவு, ஜன்னல், ஃப்ரிட்ஜ் என்று இடம் விடாமல் ‘உள்ளே உண்ணவோ பருகவோ கூடாது’ என்று எழுதி ஒட்டியவர்.

அவள் பாக்டீரியாவை மாற்றினாள். தண்ணீரை மாற்றினாள். கையுறைக்கு மேல் கையுறை போட்டாள். பச்சை மசியவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை.

“இன்னுமா அந்த சுவிட்ச் சரியாகல?” என்றாள் மாமியார். “நம்ம எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டுப் போயேன். கைராசிக்காரன்.”

“அத்தை, அது பாக்டீரியாவுக்குள்ள இருக்கிற சுவிட்ச்.”

“எங்க இருந்தா என்ன? அவன் சந்துபொந்துல எல்லாம் கை விடுவான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தெம்பில் நோட்டை எடுத்துத் தேதிகளைப் பார்த்தாள். பதினோரு நாள் மட்டும் பச்சை இல்லை. அதில் ஒன்பது நாள் பேராசிரியர் மாநாட்டுக்குப் போயிருந்தார். மீதி இரண்டு நாள் அவருக்குக் காய்ச்சல்.

மறுநாள் காலை ஏழரைக்கே போய்க் கதவைத் திறந்தாள். வெந்நீர்த் தொட்டியில் அவளுடைய குடுவை ஒன்று கழுத்தளவு மூழ்கி நின்றது. உள்ளே பால். பேராசிரியர் கண்ணாடிக் குச்சியால் அதைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“அல்சர்,” என்றார், குச்சியைக் கீழே வைக்காமலே. “காலையில வெதுவெதுப்பா பால் குடிக்கச் சொன்னார் டாக்டர். அலசித்தான் வைக்கிறேன்.”

“எங்க வைக்கிறீங்க சார்?”

குச்சி மெதுவாகத் திரும்பி, கழுவிய குடுவைகள் இருக்கும் அவளது அலமாரியைக் காட்டியது.

“சோப்பு போட்டா?”

“தண்ணியில. ரெண்டு தடவை.”

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், அவள் அந்தப் பாலில் சில சொட்டுகளை எடுத்து, பாக்டீரியா இருந்த ஒரு புதிய குடுவையில் விட்டாள். சாயங்காலத்துக்குள் அது பச்சையாக ஒளிர்ந்தது. பேராசிரியர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“கை சுத்தம் போதாதுன்னு சரியாத்தான் சொல்லியிருக்கேன். கைதான் மாறிப்போச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நோட்டுல எழுதணுமா?”

“எதையும் மறைக்காம எழுதணும்னு நீங்கதானே சார் சொல்வீங்க.”

‘காரணம்: பேராசிரியரின் காலைப் பால்’ என்று எழுதினாள். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து வேண்டும். போட்டார். கொஞ்சம் சின்னதாக.

புதுக் குடுவைகள் வந்தன. அலமாரிக்குப் பூட்டும் வந்தது. அடுத்த வாரம் சர்க்கரை போடாத குடுவையை விளக்கடியில் வைத்தாள். கும்மிருட்டு. அவள் வராந்தாவுக்கு ஓடி, கண்ணில் பட்டவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“பாருங்க, நல்லா பாருங்க! ஒண்ணுமே தெரியல!”