சிங்கம் பார்க்கப் போகிற ஆட்கள்

எங்களுக்கு நியூசிலாந்துக் கடவுச்சீட்டு கிடைத்த அன்று என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனி எங்கை போவம்?" என்று கேட்டார். அதற்கு முன்பு நாங்கள் எங்கேயும் போகாதவர்கள் அல்லர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து மெட்ராஸுக்கும், அங்கிருந்து ஓக்லாந்துக்கும் வந்திருக்கிறோம். அதைச் சொன்னேன்.

"அதெல்லாம் ஓட்டமப்பா. ஒருத்தரும் துரத்தாமல் ஒரு இடத்துக்குப் போய்ப் பாக்கவேணும்."

ஊரில் அவர் நில அளவையாளர். இங்கே கார் உதிரிப்பாகம் விற்கும் கடையில் வேலை. நான் ஒனிஹங்காவில், அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பத்து வயது மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு தொலைக்காட்சியில் மிருகங்களைப் பார்ப்பதுதான் அவருடைய கொண்டாட்டம். ஆகவே அவர் ஆபிரிக்கா என்றபோது நான் ஆச்சரியப்படவில்லை. உடனே ஓம் என்றேன். பிறகு நடந்ததையெல்லாம் நினைக்கும்போது, அது அவருடைய ஆசை என்று ஒதுங்கிக்கொள்ள மனம் பார்க்கும். அப்படி இல்லை. எனக்கும் ஆசைதான். வரிக்குதிரைகள் கூட்டமாக ஓடுவதை நேரில் பார்க்கவேண்டும் என்றிருந்தது.

கடைத்தெருவில் இருந்த பயண முகவர், எங்கள் வயதுப் பெண், நவம்பரில் போகச் சொன்னாள். கென்யாவில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலமாம். நவம்பரில் தொடங்குவது சின்ன மழை. பின்னேரத்தில் ஒரு பாட்டம் அடித்துவிட்டு வெளித்துவிடும். புல் பச்சைப்பசேலென்று இருக்கும், சனக்கூட்டம் இராது. "ஆனால் நனைவீர்கள்," என்றாள். ஓக்லாந்தில் இருப்பவர்களிடம் இதைச் சொல்கிறாளே என்று மூன்று பேரும் சிரித்தோம்.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசை சாப்பிடுவதற்கு உதவவில்லை. நூலகத்தில் இருந்த வரைபடங்களைப் பெரிதாகப் பிரதியெடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, மேசை முழுவதும் விரித்திருந்தார். பென்சிலால் பாதை போட்டார், அழித்தார், மறுபடியும் போட்டார்.

"இந்தப் பக்கம் முழுக்கக் கறுத்த மண். மழை விழுந்தால் ஜீப் புதையும்."

"அப்ப ஏன் அதாலை போறம்?"

"முதல் மழைக்குப் பயமில்லை. மண் குடிச்சு முடிய நாள் எடுக்கும். அதுக்குள்ளை கடந்திடலாம்."

உதிரிப்பாகக் கடையில் வேலைக்குப் போன பிறகு அவர் இப்படி நிச்சயமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்தக் குரலுக்காகவே நானும் தேவையில்லாத கேள்விகள் கேட்டேன்.

ஆனால் யாருக்கும் சொல்லவில்லை. அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. ஊரில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்தது. என் தம்பி மனைவியோடு யாழ்ப்பாணத்தில்தான் இருந்தான், பள்ளிக்கூட ஆசிரியன். அங்கே தொலைபேசி கிடையாது. யாராவது கொழும்புக்கு வந்து போன் எடுத்துச் சொன்னால்தான் அவன் எப்படி இருக்கிறான் என்று தெரியும். எங்களைப் போலவே இங்கேயிருந்த எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அங்கே யாரோ இருந்தார்கள். ஆட்கள் வருகிறார்கள் என்றால் வரைபடத்தைச் சுருட்டிக் கட்டிலின் கீழே தள்ளிவிடுவோம். அப்படிச் செய்யவேண்டும் என்று நாங்கள் பேசி முடிவெடுக்கவில்லை. கை தானாகச் செய்தது.

அக்டோபர் முடிந்த கிழமை, ஒரு மாலை, மழைக்கோட்டுகள் வந்தன. அவருடையது பச்சை நிறம், முழங்கால் வரை நீளம். அதனோடு ஒரு தொப்பி, நுளம்பு கடிக்காமல் முகத்துக்கு முன்னால் வலை தொங்கியது. வெளியே நல்ல மழை. "உள்ளுக்குத் தண்ணி வருதோ எண்டு பாப்பம்," என்று அதை மாட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போய், உடுப்புக் கொடிக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். குசினி ஜன்னலில் நானும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். முன்கதவு மணி அடித்தது கேட்டும் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. சிரித்த முகத்தோடுதான் கதவைத் திறந்தேன்.

ஓக்லாந்திலேயே, ஏவன்டேலில் இருக்கிற தம்பதி. நாங்கள் வந்த காலத்திலேயே வந்தவர்கள், மனைவி என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய தாய் மட்டும் யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தார். இருவரும் குடையில்லாமல் நனைந்திருந்தார்கள்.

"போனிலை சொல்ல மனம் வரேல்லை அக்கா," என்றாள். "யாழ்ப்பாணத்திலை ஆமி கிட்ட வந்திட்டுதெண்டு சனம் முழுக்க வெளிக்கிட்டிட்டுதாம். டவுனிலை ஒருத்தரும் இல்லையாம். லண்டனிலை இருந்து எங்கடை அண்ணை போன் எடுத்தவர். எல்லாரும் நாவற்குழிப் பாலத்தாலை நடந்து போகினமாம். மழையாம் அக்கா. சரியான மழையாம்."

பேச்சுக் குரல் கேட்டு என் கணவர் பின்பக்கத்தால் உள்ளே வந்தார். தொப்பியை மட்டும் கழற்றியிருந்தார். தோட்டத்தில் ஏதோ வேலையாக நின்றார் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நான் அவர்களை உள்ளே கூட்டி வந்தேன். அப்போதுதான் மேசையில் வரைபடம் விரித்தபடி இருப்பது என் கண்ணில் பட்டது. நான் எட்டுவதற்குள் அவள் அதற்குக் கிட்டப் போய்விட்டாள். பென்சில் கோடுகளைப் பார்த்து, குனிந்து, அதன்மேல் விரலை வைத்தாள்.

"அண்ணை, நீங்களும் கேள்விப்பட்டிட்டியளோ?" என்றாள். நில அளவையாளர் வீடு அல்லவா. "எந்தப் பாதையாலை போயிருப்பினம்? எங்கடை அம்மாவாலை நடக்க ஏலாது அண்ணை. எதாலை கொண்டு போயிருப்பினம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அவள் விரல் அந்தக் கோட்டின் வழியே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் மகள்தான் சொன்னாள். உதவி செய்கிற குரலில் சொன்னாள். "தட்ஸ் கென்யா, ஆன்ட்டி. வீ ஆர் கோயிங் டு ஸீ தி லயன்ஸ்."

அவள் விரலை எடுத்தாள்.

"சிங்கமோ?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. விளங்காமல் கேட்டாள்.

அவளுடைய கணவர்தான் எங்களைக் காப்பாற்றப் பார்த்தார். "நல்லது, நல்லது. பிள்ளைக்கும் காட்டத்தானே வேணும்," என்றார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

என் கணவர் கோட்டைக் கழற்ற முயன்றார். ஜிப் நெஞ்சடியில் சிக்கிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, ஈரக் கோட்டோடு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தேத்தண்ணி போட்டேன். அவர்கள் லண்டன் செய்தியை மறுபடியும் சொன்னார்கள். பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்களாம், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழையை ஏந்தினார்களாம். அவர் அசையும்போதெல்லாம் கோட்டு சரசரவென்றது. அதற்காக அவர் அசையாமல் இருந்தார். கம்பளத்தில் தண்ணீர் சொட்டியது. என் தம்பிக்காக நான் அன்று அழவில்லை. அவர்கள் எப்போது போவார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஓக்லாந்தில் இருந்த ஊர் ஆட்கள் எல்லாரும் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். நாங்கள் உள்ளே போனபோது பின்னாலிருந்து யாரோ, "சிங்கம் பாக்கப் போற ஆக்கள்," என்று பக்கத்தில் இருந்தவருக்கு எங்களை அடையாளம் சொன்னார்கள். கேலியாக இருக்கலாம், வெறும் தகவலாகவும் இருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளே பயணத்தை நிறுத்தினோம். முகவர் பெண் காரணம் கேட்டாள். "குடும்பத்தில் சுகமில்லை," என்றேன். மண்டபத்து ஆட்களுக்கு வேறு மாதிரிச் சொன்னேன். "இந்த நேரத்திலை எப்பிடிப் போறது? மனம் வருமோ?" என்று. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "அதுதான் தமிழ்ப் பிள்ளை," என்றார். நான் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். உண்மையில் நாங்கள் நிறுத்தியது ஊரில் நடந்தவர்களுக்காக அல்ல. மண்டபத்தில் இருந்தவர்களுக்காக.

தம்பி உயிரோடு இருக்கிறான் என்று தை மாதம் தெரிந்தது. ஏவன்டேல் பெண்ணின் தாயையும் யாரோ சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விட்டிருந்தார்கள். அந்த வருட நடுப்பகுதியில் தம்பி வன்னி வழியாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்து போன் எடுத்தான். பல காலத்துக்குப் பிறகு அவன் குரல். நடந்ததையெல்லாம் அவன் சொல்ல, நான் கேட்டேன். கடைசியில், எதற்காகவோ, எங்கள் பயணக் கதையையும் சொன்னேன். உங்களை நினைத்துத்தான் நிறுத்தினோம் என்றும் சொன்னேன்.

"எங்களைக் கேட்டனீங்களோ அக்கா?" என்றான். "நீங்கள் வீட்டிலை இருந்ததாலை எங்கடை கால் நோகாமல் போச்சுதோ? போயிருக்கலாமே. போயிட்டு வந்து இப்ப எனக்கு அதைச் சொல்லியிருக்கலாம். நான் எட்டு மாசமா இந்தக் கதையைத்தான் எல்லாரிட்டையும் கதைக்கிறன். வேறை ஏதாவது கேட்டிருப்பன்."

நான் கதையை மாற்றினேன். அன்று இரவு கணவரிடம் சொன்னபோது அவர், "அவன் சொல்லுறது சரிதான்," என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஒரு வருடம் பொறுத்து நாங்கள் போனோம். அதே நவம்பர், அதே சின்ன மழை. சிட்னியில் ஒரு கலியாணம் என்று எல்லாரிடமும் சொன்னோம். மகளுக்கும் அப்படிச் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தோம். "வை?" என்று அவள் கேட்டாள். பன்னிரண்டு வயது. "சொல்லுறதைச் செய்," என்றேன். கென்யாவில் ஜீப் இரண்டு முறை புதைந்தது. சிங்கத்தைத் தூரத்தில் ஒரு முறை பார்த்தோம், மழையில் படுத்திருந்தது. வரிக்குதிரைகள் எண்ணிக்கையில்லாமல் இருந்தன. எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. கணவர் ஓட்டுநருக்கு மண்ணைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு படம்கூட நாங்கள் வீட்டில் மாட்டவில்லை.

திரும்பி வந்த கிழமை ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில், கீரைக் கட்டுகளுக்கு முன்னால், அன்று மழையில் வந்தவளைச் சந்தித்தேன்.

"சிட்னி எப்பிடியக்கா?"

"நல்ல வெயில்," என்றேன். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மாவுக்கு விசா வந்திட்டுது," என்றாள் அவள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "அடுத்த மாசம் வாறா. எல்லாரும் வந்து பாக்கவேணும். அண்ணையையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஓம், வாறம்," என்றேன்.